பழமையும் பழுதும்

ஒரு பொருளின் உறுப்பொன்று கெட்டுப்போனால், அதனை நீக்கிவிட்டு வேறொன்றை வைப்பது அப்பொருளைக் காப்பதாகுமா, அன்றி அழிப்பதாகுமா? வண்டிச் சக்கரத்துக்கு ஆரக்கால் மாற்றும் தச்சன் இவ்வினாவை எழுப்புவதில்லை. எழுப்பிக்கொண்டிருந்தால் வண்டி சந்தைக்குப் போய்ச் சேராது. கிணற்றுக் கயிற்றை மாற்றுகிறவளும் கிணறு வேறாயிற்றென்று கவலைப்படுவதில்லை. ஆனால் சில பொருள்களிடத்து மட்டும் மனிதருக்கு இக்கவலை பிறந்துவிடுகிறது. அவை விலையுயர்ந்தனவாயிருக்கலாம், இறந்துபோனவர் ஒருவர் கைபட்டனவாயிருக்கலாம், வெறுமனே பழையனவாயிருக்கலாம். பழமை என்ற சொல் உள்ளே நுழைந்த மாத்திரத்தில், ஆரக்காலுக்குப் பொருந்திய நியாயம் செல்லாக்காசாகிவிடுகிறது. இஃது ஏன் என்று ஆராய்வதே நம் நோக்கம். ஆராய்ச்சிக்கு நாம் எடுத்துக்கொண்டது கோயிலும் அன்று, வேதமும் அன்று. பழைய ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் கிடக்கும், கட்டைவிரல் அளவேயான மின்தேக்கி ஒன்று. பட்டறைக்காரர் அதனைக் கண்டென்சர் என்றும் கெப்பாசிட்டர் என்றும் சொல்லுவர். சிறு பொருளில் தெளிந்த நியாயம் பெரும் பொருளில் உதவக்கூடும். உதவாமற் போகவுங் கூடும்.

ஜொகூர் நாட்டுக்கும் ஒலிக்கருவிகளுக்கும் உள்ள தொடர்பு நேற்று உண்டானதன்று. ஜொகூர் அரசாங்கத்தில் மின்சாரப் பரிசோதகராயிருந்த ஏ. எல். பர்ச் என்பார் 1921-இல் மலாயாவுக்கு முதல் வானொலிக் கருவியைக் கொண்டுவந்து, ஜொகூர் வயர்லெஸ் சங்கத்தை ஏற்படுத்தி, 300 மீட்டர் அலையில் ஒலிபரப்பத் தொடங்கினார் என்பது இந்நாட்டு வானொலிச் சரித்திரத்தின் முதல் ஏடு. பின்னர் 1946 ஏப்ரல் முதல் தேதி ரேடியோ மலாயா தோன்றிற்று. ஒரு லயத்துக்கு ஒரு வானொலி என்றிருந்த காலம் போய், 1970-களிலும் 1980-களிலும் கிராணிமார் வீடுகளிலும் சங்க மண்டபங்களிலும் மரப்பெட்டி ஒலிபெருக்கிகள் இரண்டிரண்டாக வந்து அமர்ந்தன. சில இங்கிலாந்தில் செய்தவை. பல ஜப்பானில் செய்தவை. வாங்கியவர் பலர் இன்றில்லை, பெட்டிகள் இருக்கின்றன. சிலவற்றுக்குப் பிள்ளைகள் துணி போர்த்தி வைத்திருக்கின்றனர். சில, ஜொகூர்பாருவில் பாசார் காராட் என்று பெயர் பெற்ற பழம்பொருட் சந்தைக்கு வந்து சேர்ந்தன. காராட் என்னும் மலாய்ச் சொல்லுக்குத் துரு என்று பொருள். தான் விற்கும் சரக்கின் குணத்தைத் தன் பெயரிலேயே ஒப்புக்கொள்ளும் சந்தைகள் உலகில் அரிய.

நிற்க. அம்மின்தேக்கி செய்யும் வேலை யாதென்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நல்ல ஒலிபெருக்கிப் பெட்டிக்கு வாய் ஒன்றன்று. இரண்டோ மூன்றோ உண்டு. வூஃபர் என்னும் பெரிய வாய் மிருதங்கத்தின் தொப்பியையும் ஆண்குரலின் அடித்தளத்தையும் ஒலிக்கும். ட்வீட்டர் என்னும் சிறிய வாய் தாளத்தின் கணீரொலியையும், வயலின் தந்தியில் வில் உராயும் நுண்ணொலியையும் ஒலிக்கும். ஒன்றன் வேலையை மற்றொன்றிடம் கொடுத்தால் இரண்டும் கெடும். தடித்த ஒலியின் மின்சாரம் முழுதும் பாய்ந்தால் சிறிய வாய் எரிந்தே போகலாம். ஆகவே பெருக்கியிலிருந்து வரும் மின்சாரத்தை வாசலில் நிறுத்தி, ‘நீ இப்பக்கம் போ, நீ அப்பக்கம் போ’ என்று பிரித்தனுப்ப ஒரு காவலன் வேண்டும். அக்காவலனுக்குக் கிராஸோவர் என்று பெயர். அதிலுள்ள கம்பிச்சுருள் தாழ்ந்த ஒலிகளை விட்டு உயர்ந்தவற்றைத் தடுக்கும். மின்தேக்கி உயர்ந்தவற்றை விட்டுத் தாழ்ந்தவற்றைத் தடுக்கும். ஒலிகளுக்குள்ளும் உயர்வு தாழ்வு உண்டோ என்று சுயமரியாதைக்காரர் சினங்கொள்ள வேண்டா. இவ்வுயர்வு அதிர்வின் எண்ணிக்கையால் வந்தது, பிறப்பால் வந்ததன்று.

கம்பிச்சுருள் செம்பாலானது, எளிதிற் கெடாது. மின்தேக்கியோ பெரும்பாலும் எலக்ட்ரோலிட்டிக் என்னும் இனத்தது. அலுமினியத் தகடுகளுக்கிடையே, ஒரு திரவத்தில் தோய்த்த காகிதத்தை வைத்துச் சுருட்டிக் குப்பியில் அடைத்திருப்பார்கள். உருவம் சிறிது, விலையும் மலிவு என்று கருதியே பெட்டி செய்தவர்கள் அவ்வினத்தைத் தேர்ந்துகொண்டனர். அதிற் குற்றமில்லை. நாற்பது ஆண்டுகள் கழிந்தும் ஒருவர் இதனை வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்பார் என்று அவர்கள் எண்ணியிரார். ஆண்டுகள் செல்லச் செல்லத் திரவம் உலர்கிறது. நம் நாட்டு வெப்பம் அதற்குத் துணைசெய்கிறது.

உலர்ந்தால் என்னாகும்? 8 ஓம் தடையுள்ள சிறிய வாய்க்கு முன்னே 4 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று இருக்குமானால், நொடிக்கு ஏறக்குறைய 5000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலிகளையே அது தாராளமாக விடும். அதன் கொள்ளளவு 3 ஆகக் குறைந்தால் எல்லை 6600-க்கு ஏறிவிடும். சில மின்தேக்கிகளில் நிகழ்வதுபோலக் கொள்ளளவு மிகுந்து 5 ஆனால், 4000-க்கு இறங்கிவிடும். முன்னதில் இரு வாய்களுக்கும் நடுவே ஒரு பள்ளம் விழும். பின்னதில் சிறிய வாய் தன் சக்திக்கு மீறிய பாரத்தைச் சுமக்கும். இதுவன்றி, உலர்ந்த மின்தேக்கி தானே ஒரு தடையாகவும் மாறிவிடுகிறது. அத்தடை ஓர் ஓம் கூடினால் சிறிய வாயின் ஒலி ஏறத்தாழ ஒரு டெசிபெல் குறையும். ஒரு டெசிபெல் என்பது, கவனித்தால் தெரிவதும் கவனியாவிட்டால் தெரியாததுமான அளவு. உயர்ந்த ஒலிகளுள் ஸ, ஷ முதலிய சீறொலிகள் மழுங்குவதே பேச்சில் முதலில் தெரியும். மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தில் நம் மின்தேக்கியும் சேர்ந்து, வடவெழுத்துக்களை ஒவ்வொன்றாக விழுங்குகிறதோ என்று நகைக்கத் தோன்றும்.

இக்கேடு ஒரே இரவில் நேர்ந்திருந்தால், மறுநாட் காலையில் வீட்டார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடியிருப்பர். நேர்ந்தது அவ்வாறன்று. நாள்தோறும் மயிரிழையளவு மழுங்குகிறது. நாள்தோறும் செவி, நேற்றுக் கேட்டதையே சரியென்று கொண்டு இன்றைக் கேட்கிறது. அன்றியும் ஒரு விந்தை. மனிதன் செவியும் வயது ஏற ஏற உயர்ந்த ஒலிகளையே முதலில் இழக்கிறது. பெட்டியும் அதன் உடையவரும் ஒருங்கே மூப்பெய்துகின்றனர். ஒருவர் குறையை மற்றவர் கண்டுபிடிக்க வழியில்லை. “அன்று எப்படிப் பாடிற்றோ அப்படியே இன்றும் பாடுகிறது” என்று எழுபது வயதினர் சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்கிறாரல்லர். விடுமுறைக்கு வந்த பேத்தி, “என்ன தாத்தா, போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருக்கிறதே!” என்பாள். அதற்குத் தாத்தா கூறும் விடை நம்மவர்க்குப் பழக்கமானது: “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டுக் கேட்கத் தெரியாது.”

ஈண்டு நாம் சிறிது தங்க வேண்டும். பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்தபோதும், 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியபோதும், ‘முன்னோர் வைத்ததைத் தொடாதே’ என்ற கூக்குரல் எழத்தான் செய்தது. அக்கூக்குரலிட்டவரைச் சுயநலக்காரர் என்றோ மூடர் என்றோ வைதுவிட்டு மேலே போவது நம்மவர் வழக்கம். சுயநலக்காரர் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் எல்லாரும் அத்தகையரல்லர். தாத்தாவைப் போன்றவரும் இருந்தனர். தாத்தா காக்க விரும்புவது பழமையை, காத்துக்கொண்டிருப்பதோ பழுதை. இரண்டும் ஒன்றென்று அவர் நம்புகிறார். 1978-இல் அவர் காசெண்ணிக் கொடுத்து வாங்கிய நாளில் அப்பெட்டி எழுப்பிய அதே ஒலியை இன்று அவர்முன் எழுப்பிக் காட்டினால், ‘இது புதுமோஸ்தர்’ என்று அவரே தள்ளுவார். முன்னோர் பெயரால் முன்னோரையே தள்ளுவதாக முடியும் அது. நம் சமூக வழக்கங்களுள் எத்தனை இவ்வாறு முன்னோர் வைத்தவை, எத்தனை முன்னோர் வைத்தது உலர்ந்து திரிந்தவை என்று பிரித்துப் பார்ப்பதற்கு வசவு உதவாது. அளவு உதவும். மின்தேக்கியின் ஒரு காலை ஈயத்திலிருந்து விடுவித்து அளவுகருவியில் பொருத்தினால், கொள்ளளவும் தடையும் எண்ணாகத் தெரிந்துவிடும். குப்பியின்மேல் அச்சிட்ட எண்ணும் அங்கேயே இருக்கிறது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், தாத்தாவுக்கும் பேத்திக்கும் வழக்கில்லை. வழக்கங்களின்மேல் இப்படி முதல் எண்ணை அச்சிட்டு வைத்தவர் எவருமில்லை. அதனாலேயே அங்கே வழக்கு நீளுகிறது.

இவ்வளவோடு முடிந்தால் மாற்றுவோர் கட்சி வென்றது என்று கொடி நாட்டிவிடலாம். ஆனால் அக்கட்சியிலும் மூடநம்பிக்கைக்குக் குறைவில்லை. திரவமில்லாமல் பாலிப்ரொப்பிலீன் என்னும் மெல்லிய தாளால் செய்யப்படும் மின்தேக்கிகள் இன்று எளிதிற் கிடைக்கின்றன. உலர்வதற்கு அவற்றில் ஒன்றுமில்லையாதலின் நெடுங்காலம் உழைக்கும். இது நன்று. ஆனால் வெள்ளித்தகடு வைத்தது, எண்ணெயில் ஊறியது என்று பெட்டியின் விலையைக் காட்டிலும் மிகுந்த விலைக்கு ஒரு குப்பியை வாங்கி மாட்டி, அது நூறு மணி நேரம் ‘பழகின’ பின்னரே தன் மகிமையைக் காட்டும் என்று காத்திருப்பாரும் உளர். பழகுவது மின்தேக்கியா, வாங்கியவர் செவியா என்று அவர்கள் கேட்பதில்லை. தாத்தாவைக் கெடுத்த அதே பழக்கம் இங்கே விலைச்சீட்டோடு வந்து நிற்கிறது. நம் பாட்டன்மார் தாயத்தைச் செம்பிற் செய்தனர். இவர்கள் வெள்ளியிற் செய்கின்றனர்.

தாயத்துக்காரரை விடுவோம். உண்மையான சிக்கல் ஒன்று உண்டு. அது நகைத்துத் தள்ளத்தக்கதன்று. எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிக்குப் புதிதாயிருக்கும்போதே சிறிது தடை உண்டு. பெட்டியை வகுத்த பொறியாளர் அத்தடையையும் கணக்கிற் கொண்டே சிறிய வாயின் உரத்தை அமைத்திருப்பார். இப்போது நாம் தடை ஏறக்குறைய இல்லாத உயர்ந்த மின்தேக்கியை வைக்கிறோம். பெட்டி கூசுமளவுக்குக் கத்துகிறது. உறுப்பு முன்னையதினும் சிறந்தது; முழுமை முன்னையதினும் தாழ்ந்தது. இதற்குத் தேர்ந்த பட்டறைக்காரர் ஒரு பரிகாரம் செய்வர்: புதிய மின்தேக்கியோடு சிறியதொரு தடையையும் சேர்த்து வைப்பர். அஃதாவது, பழைய உறுப்பின் குறையைப் புதிய உறுப்புக்குக் கற்பித்து அனுப்புவர். முதன்முறை இதனைக் கேட்டபோது நமக்கு இஃது ஏமாற்று வேலையாகப் பட்டது. எண்ணிப் பார்க்கையில், மாற்றுவோர் செய்யும் வேலைகளுள் இதுவே மிக நேர்மையானது என்று தெரிகிறது. தன் கையிலுள்ளது உயர்ந்தது என்ற செருக்கை விட்டு, வகுத்தவன் எதனை வேண்டினான் என்று கேட்டு அடங்கி நிற்கும் வேலை அது.

ஆங்கிலப் பள்ளியிற் படித்தவர்க்கு இவ்விடத்தில் தீசியஸ் என்னும் கிரேக்க வீரனின் கப்பல் நினைவுக்கு வரும். ஆதென்ஸ் நகரத்தார் அதனைப் போற்றி வைத்து, பலகை உளுக்கும்போதெல்லாம் புதுப்பலகை வைத்து வந்தனர் என்றும், அது பழைய கப்பல்தானா என்று தத்துவர்கள் இரு கட்சியாக நின்று வாதித்தனர் என்றும் புளுட்டார்க் எழுதினார். பல நூற்றாண்டுகளுக்குப் பின் ஹாப்ஸ் என்னும் ஆங்கிலத் தத்துவர் அதில் ஒரு முடிச்சைக் கூட்டினார்: கழித்த பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்து வைத்து இன்னொரு கப்பல் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்? கேள்வி கூரியது. ஆனால் அக்கப்பலைக் குறித்து ஒன்றை அவ்வாதத்தில் மறந்துவிடுகிறார்கள்: அது துறையில் நின்ற கப்பல். கடலுக்குப் போகும் கப்பலாயின், நீர் புகாமை ஒன்றே முதற் கேள்வியாயிருக்கும். நினைவுக்காக நிற்கும் கப்பலாயின், மரமே கேள்வி. எதற்காக வைத்திருக்கிறோம் என்று சொல்லாமல், அதுவா இதுவா என்று கேட்பது, முகவரி எழுதாமல் கடிதத்தைத் தபாலிற் போடுவது போன்றது.

ஜொகூர்பாருவில் ராஜகாளியம்மன் கோயில் 1922-இல் எளிய கோயிலாகத் தோன்றியது. 2009-இல் சுவரும் கூரையும் கண்ணாடித் துண்டுகளால் ஒளிரும் கண்ணாடிக் கோயிலாக மாறி நின்றது. வழிபடுவோர் எவரும் இது வேறு கோயில் என்று கூறக் கேட்டதில்லை. அவர்களுக்கு ஒருமை சுவரில் இல்லை, அம்மனிடத்தில் இருக்கிறது. அம்மனிடத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை. அவர்கள் நியாயத்தில் குறையுங் காணோம்.

ஒலிபெருக்கியிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகமாகிய பி.பி.சி., வெளியிட ஒலிபரப்பு வண்டிகளின் குறுகிய அறைகளில் வைத்துக் கேட்பதற்கென்று 1970-களில் எல்.எஸ்.3/5ஏ என்னும் சிறு பெட்டியை வகுத்தது. கெஃப் கம்பெனியின் இரு வாய்கள். ராஜர்ஸ், ஸ்பென்டார் முதலிய பல கம்பெனிகள் உரிமம் பெற்றுச் செய்தன. யார் செய்தாலும் ஒன்றுபோல் ஒலிக்க வேண்டும் என்பதே கட்டளை. சில ஆண்டுகளில், கெஃப் செய்து அனுப்பிய வாய்களே முன்னையவற்றிலிருந்து மெல்ல மாறிவிட்டன என்று தெரியவந்தது. பி.பி.சி. என்ன செய்தது? 1980-களின் பிற்பகுதியில் கிராஸோவரையே புதிதாக வகுத்தது. பெட்டியின் தடை 15 ஓமிலிருந்து 11 ஓமாயிற்று. உள்ளுறுப்புக்கள் பல வேறாயின. பெயர் மாறவில்லை, ஏனெனில் பழைய ஒலியை மீட்பதற்காகவே மாற்றங்கள் செய்யப்பட்டன. உறுப்புக்களை அப்படியே வைத்திருந்தால் ஒலி மாறியிருக்கும். ஒலியை வைத்துக்கொள்ள உறுப்புக்களை மாற்ற வேண்டியதாயிற்று. இன்று சேகரிப்போருள் ஒரு சாரார் 15 ஓம் பெட்டியையே மெய்ப்பெட்டி என்று உயர்ந்த விலை கொடுத்துத் தேடுகின்றனர். அவர்கள் தேடுவது மரத்தை. கழகம் தேடியது கடற்பயணத்தை.

தமிழர்க்கு இந்நியாயம் புதிதன்று. சங்க நூல்கள் நம் கைக்கு வந்தது எவ்வாறு? ஓலை செல்லரிக்கும்; சில தலைமுறைக்கு ஒருமுறை புதிய ஓலையில் பெயர்த்தெழுதினால்தான் நூல் உயிர் பிழைக்கும். பெயர்த்தெழுதாமல் பழைய ஓலையைப் பூசித்துக்கொண்டிருந்த வீடுகளில் நூல் மாண்டது; ஏடுகளை ஆற்றிலும் தீயிலும் இட்டதைக் குறித்து உ.வே. சாமிநாதையர் நெஞ்சு நொந்து எழுதியிருக்கிறார். அவர் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றியபோது, ஓலை என்ற உறுப்பையே மாற்றிக் காகிதத்தை வைத்தார். ஆனால் ஏட்டுக்கு ஏடு பாடம் வேறுபட்ட இடத்தில் என்ன செய்தார்? தமக்கு இனித்ததை உள்ளே வைத்துவிட்டு மற்றவற்றை மறைத்தாரல்லர். பாடபேதங்களைப் படிப்பவர் காண அச்சிட்டார். மாற்றுகிறவனுக்குரிய ஒழுக்கம் முழுதும் அவ்வடிக்குறிப்புக்களில் அடங்கிக் கிடக்கிறது என்பது நம் கருத்து. எழுத்தும் அவ்வாறே. பெரியார் 1935-இல் குடி அரசில் வழக்குக்குக் கொண்டுவந்த 13 எழுத்துக்களின் சீர்திருத்த வடிவைத் தமிழ்நாட்டரசு 1978-இல் ஏற்றுக்கொண்டது. லையும் ளையும் கொம்பிழந்தன. குறளின் பொருளில் ஓர் அணுவும் குறையவில்லை. சீர்திருத்தம் என்று அவர் வெளிப்படையாகப் பெயர் சொல்லியே அதனைச் செய்தார். தொல்காப்பியர் இப்படித்தான் எழுதினார் என்று கதை கட்டவில்லை. இதுவும் கவனிக்கத்தக்கது. நம்மவருள் சிலர் தமக்குப் பிடித்த புதுமையை வைத்துவிட்டு, ‘இதுவே ஆதியில் இருந்தது’ என்று முன்னோர் கையெழுத்தை அதன்கீழ் இட்டுவிடுகின்றனர். திருத்துவோர் எல்லாருக்கும் உரிமை உண்டு. பிறர் கையெழுத்தை இட உரிமையில்லை.

இனி, இந்நியாயம் வழுக்கும் இடங்களுக்கு வருவோம். குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் நாம் அறிந்த குடும்பம் ஒன்று உண்டு. தந்தையார் காலமாகிவிட்டார். அவர் மாலைதோறும் கேட்ட பெட்டிகள் கூடத்தில் இருக்கின்றன. மகன் மின்கருவி வேலை அறிந்தவன், அளந்து பார்த்தான், மின்தேக்கிகள் போய்விட்டன என்று கண்டான். மாற்றுவதற்கு ஒரு மணி நேரம் போதும். தாயார் வேண்டா என்றார். “அப்பா கேட்டது இந்தச் சத்தம். இதை எடுத்துவிட்டு எனக்கு வேறென்ன வைக்கப்போகிறாய்?” என்பது அவர் வாதம். அவன் நம்மிடம் வந்து, பகுத்தறிவு இதற்கு என்ன சொல்லும் என்று கேட்டான்.

எளிய விடை ஒன்று கையிலேயே இருக்கிறது: தந்தையார் முதலிற் கேட்டது இந்தச் சத்தமன்று, தெளிந்த சத்தம், ஆகவே மாற்றுவதே அவருக்கு மரியாதை. இவ்விடை நமக்கு உவப்பாயில்லை. தந்தையார் கடைசிப் பதினைந்து ஆண்டுகள் கேட்டது மழுங்கிய சத்தத்தைத்தான். தாயார் நினைவில் இருக்கும் மாலைகள் அவையே. தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் ஒலியே மெய்யொலி, மற்றவை பொய் என்று விதித்தவர் யார்? பொறியாளருக்கு அது மெய். இவ்வம்மையாருக்கு அது ஓர் அந்நியன். அவர் அப்பெட்டியை வைத்திருப்பது பாட்டுக்காக அன்று. ஆகவே அவருடைய கப்பல் துறையில் நிற்கும் கப்பல். பகுத்தறிவு என்பது எல்லாக் கதவையும் ஒரே திறவுகோலால் திறப்பதன்று. ‘எதற்காக’ என்று கேட்டு, வந்த விடையை மதிப்பதும் அதன் வேலைதான்.

அப்படியானால் வைதிகரும் இதையே சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டாரோ? ‘எங்களுக்கும் இவ்வழக்கம் நினைவுப் பொருள்’ என்று அவர் வருவாரன்றோ? வருவார். அம்மையாரின் பெட்டி அவர் கூடத்தில் அவருக்காகப் பாடுகிறது. அதனால் எவர் செவியும் கெடுவதில்லை, எவர் உரிமையும் குறைவதில்லை. ஊர் மண்டபத்துப் பெட்டியை மழுங்க வைத்துவிட்டு, ‘எல்லாரும் இதையே கேளுங்கள், முன்னோர் கேட்டது இது’ என்று கட்டளையிட அவருக்கும் உரிமையில்லை. அவர் அதனைக் கேட்கவுமில்லை. கைம்பெண்ணை மூலையில் உட்கார வைத்த வழக்கம், வைத்தவர் நினைவுக்கு இனிதாயிருந்திருக்கலாம். உட்கார்ந்தவள் உடம்பே அங்கே விலையாயிற்று. தன் பழுதைத் தானே சுமப்பவரையும், தன் பழுதைப் பிறர் தலையில் ஏற்றுபவரையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. மகன் பின்னர் துருச்சந்தையில் வேறொரு ஜோடி பெட்டிகளை வாங்கி, அவற்றுக்குப் புது மின்தேக்கி வைத்துத் தன் அறையிற் கேட்கிறான். கூடத்துப் பெட்டிகளை அவன் தொடவில்லை. அவன் செய்தது சரியென்றே நாம் கொள்கிறோம்.

நம் நியாயம் வழுக்கும் மற்றோரிடம் இதனினும் பெரிது. நாம் தோட்டக் கணக்கெழுதிப் பிழைப்பவராதலின் இதனைச் சொல்லாமல் விட இயலவில்லை. தோட்டத்திலும் உறுப்பு மாற்றுதல் உண்டு. அதற்கு மறுநடவு என்று பெயர். பால்மரம் இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் ஓய்ந்துவிடும். செம்பனையும் இருபத்தைந்து ஆண்டுகளில் எட்டாத உயரத்துக்குப் போய்க் காய்ப்பும் குறைந்துவிடும். வெட்டிச் சாய்த்துவிட்டுப் புதுக்கன்று வைப்பார்கள். மலாயாவில் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் சிலாங்கூரின் தென்னமரத்தில் வைக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில், ரப்பர்த் தோட்டங்கள் பல மரத்தின் இனத்தையே மாற்றிக்கொண்டன. கணக்குப் புத்தகத்தின் மேலட்டையில் தோட்டத்தின் பெயர் மாறவில்லை. நல்லது, மரத்துக்கு நம் நியாயம் பொருந்துகிறது.

ஆனால் அதே கணக்குப் புத்தகத்தில் ஆட்பேர்ப் பட்டியலும் உண்டு. 1970-களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் தோட்டங்களை விட்டு வெளியேறின. சில இடங்களில் நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. சில இடங்களில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் ஆள் வந்தனர். மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்திலிருந்து தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றிய குடும்பத்தைக் குறித்துப் பதிவேட்டில் எழுதப்படும் சொல் யாது? ‘பதிலாள் அமர்த்தப்பட்டது.’ வேலை நடக்கிறது, குலை வெட்டப்படுகிறது, தோட்டம் முன்போலவே தோட்டம். ஒலி மாறவில்லை, உறுப்புத்தான் மாறியது! மேலே மின்தேக்கிக்கு நாம் சொன்ன வாதம் ஒரெழுத்தும் குறையாமல் இங்கே பயன்படுத்தப்படுவதைக் காண்கிறோம். இதற்கு என்ன விடை?

மின்தேக்கி யாருக்காகவும் காத்திருப்பதில்லை என்பதே விடை. அதற்கு ஒரு வேலையுண்டு. அவ்வேலைக்கு வெளியே அதற்கென்று ஒன்றுமில்லை. கழற்றி மேசைமேல் வைத்தால் அது எதனையும் இழப்பதில்லை. பால் வெட்டுவது ஒருவர் செய்யும் வேலை, அவர் அவ்வேலையன்று. லயத்து வாசலில் அவர் வைத்த முருங்கை, பிள்ளை படித்த தமிழ்ப்பள்ளி, கோயில் மரத்தடியில் புதைத்த தொப்புள்கொடி ஆகிய இவை எந்தக் கிராஸோவரின் வரைபடத்திலும் இல்லை. முழுமைக்காக உறுப்பு இருக்கிறது என்பது பெட்டிக்கு உண்மை. மக்கள் கூடி வாழுமிடத்திலோ உறுப்புக்காகவே முழுமை இருக்கிறது. அவர்களுக்குப் பதிலாக வந்து, அதே லயத்தில் பத்துப் பேர் ஓரறையில் தங்கி உழைக்கும் பிறநாட்டாரையும் பதிவேடு உறுப்பென்றே எழுதுகிறது. நாளை அவர்களுக்கும் பதிலாள் வருவார். நம் வருத்தம் அவர்கள்மேலன்று என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இவ்விஷயம் தனிக் கட்டுரைக்குரியது, இங்கே இவ்வளவே.

பெட்டிக்குத் திரும்புவோம், துருச்சந்தையில் இன்னொரு சங்கதி பாக்கி நிற்கிறது. விற்கிறவருக்கு இருவகைப் பொய்யும் கைவசம் உண்டு. வாங்குகிறவர் பழமைப் பித்தர் என்று கண்டால், மாற்றிய மின்தேக்கியை மாற்றவில்லை என்பார். கேட்கவே வாங்குகிறவர் என்று கண்டால், மாற்றாததை மாற்றியாயிற்று என்பார். ஒரு சிலர் புதிய மின்தேக்கியைப் பழைய குப்பியின் ஓட்டுக்குள் புகுத்தி வெளிப்பார்வைக்குப் பழையதாகவே வைக்கிறார்கள். கூடத்தில் தன் கண்ணுக்கு அழகாயிருக்கவென்று ஒருவர் செய்துகொண்டால் அது கைவேலை. விலை கூட்டுவதற்கென்று செய்தால் களவு. வேலை ஒன்றே. வேற்றுமை, செய்ததைச் சொன்னாரா என்பதில் இருக்கிறது.

ஆதலின் மாற்றுகிறவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு, செலவும் இல்லை. கழற்றிய பழைய மின்தேக்கிகளை எறிந்துவிடாமல் ஒரு சிறு உறையிலிட்டுப் பெட்டிக்குள்ளேயே வைப்பது. ஹாப்ஸ் கேட்ட கேள்விக்கு இதுவே பட்டறையின் மறுமொழி: கழித்த பலகை கப்பலிலேயே பயணம் செய்கிறது, வேண்டுகிறவர் திரும்ப எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதனோடு ஒரு தாளில், எந்நாளில் மாற்றியது, பழையதன் அச்சிட்ட அளவு எது, அளந்து கண்ட அளவு எது, புதிதாக வைத்தது எது, கூடச் சேர்த்த தடை எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். பென்சிலால் எழுதுவது நலம். நம் நாட்டுப் புழுக்கத்தில் மை கசியும். வூஃபரைக் கழற்றிப் பஞ்சை விலக்கினால் பின்பலகையின் உட்புறம் தெரியும். அங்கே ஒட்டி வைத்தால், அடுத்த முறை திறக்கிறவர் கண்ணில் அதுதான் முதலிற் படும்.